குத்துச்சண்டைக்காரனுக்கு ஏன் மொட்டை?

மச்சான்,

நேற்று பல்லாரோ சந்தைக்குக் கத்தரிக்காய் வாங்கப் போனேன். ஒழுங்கைச் சுவரில் ஒரு சுவரொட்டி. கையுறை போட்ட மொட்டைத் தலையன் ஒருவன் கறுப்பு வெள்ளையில் என்னை முறைத்தான். நம்முடைய ஆள்! நாம் பாதியில் விட்ட அந்தப் போலந்துப் படம், மாலையில் பக்கத்து மண்டபத்தில், அடியில் இத்தாலிய வசன வரிகளோடு. கத்தரிக்காயை மறந்துபோனேன். இத்தனை வருடமாக அந்தப் படத்தின் உண்மைக் கதை எனக்குத் தெரியாதே.

எனக்குத் தெரிந்தது நீ சொன்ன கதைதான். நீ பராமரிக்கும் வேலை பார்த்த வயதான போலந்துச் சின்யோரா அம்மா ஒரு மதியம் அந்தப் படத்தைப் போடச் சொல்லிவிட்டு, பத்து நிமிடத்தில் நாற்காலியிலேயே தூங்கிவிட்டார். நீ துணி மடித்துக்கொண்டிருந்தாய். ஜன்னல் துடைக்க வந்த நான் துணியும் கையுமாகப் படம் பார்த்தேன். நமக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. நடுவருக்கு நீ யாழ்ப்பாணத் தமிழில் குரல் கொடுத்ததில் சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு நொந்தது.

திடீரென்று சொன்னாய்: "உவன்ரை தேப்பன் செத்துப்போனார்."

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"மொட்டையைப் பாக்கேல்லையோ? செத்தவீட்டு எட்டுச் செலவும் முடியேல்லை, அதுக்குள்ளை சண்டைக்கு இறக்கிப்போட்டாங்கள்."

"அப்ப உன்ரை மொட்டை?" என்று சிரித்தேன். இரண்டு நாளுக்கு முன் நீ தலையை வழித்துக்கொண்டு வந்தபோது, "வெயிலுக்கோ?" என்று கேட்டிருந்தேன். நீ "ஓம்" என்றாய். பிரான்காச்சோ பஸ்ஸில் எல்லாரும் பார்க்க உன் தலையைத் தட்டி விளையாடினேன்.

நீ துணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அப்பா போய் ஆறு நாள், மச்சான். இஞ்சை இருக்கிற பெர்மெஸ்ஸோ கடதாசி புதுப்பிக்கக் குடுத்துக் கிடக்கு. போனால் திரும்பி வரேலாது."

"ஏன்ரா எனக்குச் சொல்லேல்லை?"

"வெயிலுக்கோ எண்டு கேட்டனி, ஓமெண்டன். பிறகு நீ கேக்கேல்லை."

டி.வி.யை நிறுத்தினேன். அன்று எனக்கு வந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

நேற்று முழுப் படத்தையும் பார்த்தேன். உன் கணிப்பு சுத்தப் பிழை. அவன் சிறையிலிருந்து வந்தவன். தலையை அங்கேதான் வழித்திருக்கிறார்கள். தகப்பன் குத்துக்கல் மாதிரி இருக்கிறார்! கடைசிச் சண்டையில் முன்வரிசையில் நின்று, தொப்பியை வீசி வீசிக் கத்துகிறார். மகன் தோற்றுப்போகிறான். அவர் மேடைக் கயிறுகளுக்கு இடையே தலையை விட்டு, அவனுடைய வியர்வைத் தலையைத் தன் தொப்பியாலேயே துடைக்கிறார்.

நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? "படம் எடுத்தவனுக்கு ஒண்டும் தெரியாது" என்று சண்டைக்கு வந்திருப்பாயா, அந்தத் தகப்பனைக் கண்டு சந்தோஷப்பட்டிருப்பாயா? வீடு வரை நடந்தும் எனக்குப் பிடிபடவில்லை. உன் அப்பா போன வழியில் நீயும் போய் எட்டு மாதம். இதை வேறு யாரிடம் கேட்பது?

நீ எனக்குத் தந்துவிட்டுப் போனது ஒரு பழக்கம். போன கிழமை, சியாகுல்லியில் மாண்டரின் ஆரஞ்சு பறிக்கும் நம்மூர்க்காரன் ஒருவன் முகம் வாடி பஸ்ஸில் இருந்தான். "என்ன தம்பி, சுகமில்லையோ?" என்றேன். "ஒண்டுமில்லை அண்ணை" என்றான். நான் என் தரிப்பில் இறங்கவில்லை. அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, இரண்டாம் தரமும் கேட்டேன்.