பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு ஓர் அனுமதி

புரட்டாசி 21, செவ்வாய்

வெயில். கடல் கொதித்து மீனெல்லாம் குழம்பாகவே கரை ஒதுங்குகிறதாம்.

இதனால் சகலருக்கும், இந்த நோட்டை ஒளிந்து படிக்கப்போகும் என் வீட்டுக்காரி உட்பட, அறிவிப்பது: இனி இதில் எழுதப்போகும் கதையை ஒருவரும் நம்ப மாட்டீர்கள். சத்தியம்.

விஷயம்: என் தங்கை பாண்டியம்மாவுக்கு அரண்மனை எழுப்புகிறேன். பத்துக்குப் பன்னிரண்டு. ஒரு கட்டில், ஒரு ஜன்னல், மூலையில் கக்கூஸ். வாசலில் படி கிடையாது, சரிவு. புருஷன் போய் ஆறு வருஷம். சர்க்கரை முற்றி, மதுரை ஆஸ்பத்திரியில் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆவணியில் என்னிடம் வந்தாள். என் வீட்டுக்கு ஐந்து படி. கக்கூஸ் பின்னால், நாற்பதடி மணல் தாண்டி. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து நானும் வீட்டுக்காரியும் தூக்கிப் போகிறோம். சாமி புறப்பாடு. கொட்டு மட்டும்தான் இல்லை.

இப்போதெல்லாம் அவள் தண்ணீரே குடிப்பதில்லை. கேட்டால், "தாகமில்லண்ணே."

எடுக்க வேண்டியவை: பட்டா நகல். புல வரைபடம். தீர்வை ரசீது. பிளான் மூன்று காப்பி. பொறுமை (கடையில் இருப்பு இல்லை).

புரட்டாசி 23, வியாழன்

பிளான் போட இராமநாதபுரத்திலிருந்து இஞ்சினியர். டேப்பைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் சுற்றி வந்தார். கக்கூசுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு குழி கிடக்கும். அது ஒன்றுதான் எனக்கு மிச்சமிருக்கிற காலி இடம்.

"மாமா, இந்தக் குழி?"

"மண்ணடிச்சு மூடிருவோம்."

"கக்கூஸ் வாசல் எந்தத் திசை வைக்க? வாஸ்து பாக்கணுமா?"

"அவ அவசரத்துக்கு எது கிட்டவோ அதான் திசை."

சாயங்காலம் இ-சேவை மையத்தில் எல்லாம் ஏற்றியாச்சு. கம்ப்யூட்டர் 'பெறப்பட்டது' என்றது. சக்கரவர்த்தி போல வீடு திரும்பினேன். பாண்டியம்மாவிடம் தீபாவளி புது வீட்டில் என்றேன். சிரித்தாள். ஜன்னல் எங்கே வரும் என்று காற்றில் விரலால் காட்டச் சொன்னாள். காட்டினேன்.

புரட்டாசி 27, திங்கள்

மனு திரும்பி வந்துவிட்டது. வி.ஏ.ஓ. ஆபீஸ் போனேன். வி.ஏ.ஓ. சின்ன வயசுப் பெண், மரியாதையான பிள்ளை.

"ஐயா, நீங்க கட்டணும்னு சொல்ற எடம் நீர்நிலை. பதிவேட்டுல ஊருணின்னு இருக்கு. நீர்நிலையில கட்டடத்துக்கு அனுமதி கெடையாது."

"எது தாயி, அந்தக் குழியா? ஆட்டுக்கொட்டகைச் செவுத்துக்கு மண்ணெடுத்த குழி அது. அதுல ஒரு கொக்கு குளிக்கணும்னா வீட்டுல இருந்து தண்ணி கொண்டாரணும்."

அந்தப் பிள்ளை சிரித்தது. ஆனால் பைலை மூடிவிட்டது. "அந்தக் காலத்து சர்வேயில எழுதியிருக்கு. தாலுகா ஆபீஸ்ல பழைய ரிஜிஸ்டர் பாருங்க."

டீக்கடையில் அந்தப் பழைய சர்வேயரை மூன்று டீ நேரம் திட்டினேன். கண் குருடு, கை கோணல், பரம்பரையே கள்ளுக்கடையில் பிறந்தது என்றேன். எல்லோரும் ஆமாம் போட்டார்கள்.

வரும் வழியில் கடற்கரை ஓரம் லாட்ஜ் ஒன்று மூன்றாவது மாடி ஏறுகிறது. அலை வந்து அஸ்திவாரத்தை நக்கிவிட்டுப் போகிறது. அது நீர்நிலை இல்லை போல.

புரட்டாசி 29, புதன்

தாலுகா ஆபீஸ். வரிசையின் தலை ஜன்னலில், வால் கடலுக்குள். வாலில் நின்றவர்களுக்கு நீச்சல் தெரிந்திருக்க வேண்டும். மூன்று மணிக்கு ரிஜிஸ்டர் வந்தது. கிளார்க் தூசி தட்டி வாசித்தார்:

"குறிப்பு. பட்டாதாரர் நேரில் கூறியபடி, குடும்ப ஊருணி. பட்டாதாரர் ஒப்பம்." ரிஜிஸ்டரைத் திருப்பிக் காட்டினார். "இது யாரு கையெழுத்து?"

என் கையெழுத்து. கடைசி எழுத்தில் மயில் தோகை மாதிரி ஒரு சுழி. அந்த வயசில் அப்படித்தான் போடுவேன்.

பஸ். உப்பள லாரிகள். வாலிநோக்கம் காற்று முகத்தில் அறைந்தது. சாப்பிடவில்லை.

ஐப்பசி 1, வெள்ளி

எழுதித் தொலைக்கிறேன். பாண்டியம்மாவைப் பெண் பார்க்க வந்த அதே காலை, சர்வேக்காரர்கள் சங்கிலியோடு பின்னால் நின்றார்கள். மாப்பிள்ளையின் அப்பா வீட்டைச் சுற்றிப் பார்த்தார். இந்தச் சீமையில் முதலில் நகையைக் கேட்க மாட்டார்கள்.

"தண்ணிக்கு என்ன பண்றீக?"

முந்தின வாரத்து மழையில் குழியில் கொஞ்சம் கலங்கல் கிடந்தது. மோவாயால் காட்டினேன். "சொந்த ஊருணி, மாமா."

"கோடையில?"

"கோடையிலதான் ஆமை பிடிக்கிறது."

சர்வேயர் நிமிர்ந்தார். "ஊருணியா?" சம்பந்தி நின்று கேட்டுக்கொண்டிருக்கும்போது இல்லை என்று எப்படிச் சொல்வது? தோகை விரித்துக் கையெழுத்துப் போட்டேன். கல்யாணம் அங்கேயே முடிவானது.

ராத்திரி சோற்றுக்கு முன்னால் பாண்டியம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

"எனக்குத் தெரியும்ணே. கதவுக்குப் பின்னால நின்னு கேட்டுக்கிட்டுத்தான இருந்தேன்."

"அப்பவே ஏன் சொல்லல?"

"ஒன்னைய யாரு நிறுத்த?" சேலையை முழங்காலுக்குக் கீழே இழுத்துவிட்டாள். "அங்கன எங்க மாமியா பேரு சொல்லிக் கூப்பிட்டதில்ல. ஏ ஊருணிக்காரி, கொடத்த எடு. அவ்வளவுதான். ரெண்டு மைலு நடந்து எடுத்தேன், பத்து வருசம். நடந்த அந்தக் காலைத்தான் இப்ப வெட்டிட்டாக."

ஐப்பசி 4, திங்கள்

வி.ஏ.ஓ. பிள்ளை வழி சொன்னது. அன்று சொன்னது பொய் என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் இருவர் சாட்சி. பிறகு வருவாய் ஆய்வாளர், ஆர்.ஐ., வந்து இடத்தைப் பார்ப்பார்.

எழுதினேன். வாழ்நாளில் என் முதல் உண்மை. பழக்கமில்லாமல் இரண்டு தாள் வீணானது. சாட்சிக்கு மேலவீட்டு முனியசாமியிடம் போனேன்.

"ஏப்பா, அதுல ஆமை பிடிச்சேன்னு நீதான முப்பது வருசமாச் சொல்ற?"

"பொய்யிடா."

"அப்ப இப்பச் சொல்றது?"

கெஞ்ச வைத்து, பிறகு கையெழுத்துப் போட்டான். இன்னொருவன் சிரித்துக்கொண்டே போட்டான். ஆர்.ஐ. புதன்கிழமை வருகிறார்.

ஐப்பசி 6, புதன்

நேற்று மத்தியானத்திலிருந்து மழை. ஏழு மாதமாகச் சொட்டு இல்லை. சரியாக நேற்று.

பதினோரு மணிக்கு ஆர்.ஐ. குடையோடு வந்தார். குழியில் தண்ணீர். ஓரத்தில் ஒரு தவளை, சம்பளம் வாங்கினது போல விடாமல் கத்தியது. போனில் போட்டோ எடுத்தார்.

"பெரியவரே, இது என்ன?"

"மழைத் தண்ணி, சார்."

"ஊருணியில பின்ன என்ன தண்ணி நிக்கும்?"

நான், வாய்க்கு வரி கட்டாதவன், தவளையை விரட்டக் கல்லைத் தேடினேன்.

"அன்னைக்குச் சொன்னது பொய்யா, இன்னைக்கு எழுதினது பொய்யா?"

"ரெண்டு நாள்ல காஞ்சிரும் சார். வந்து பாருங்க."

"இந்தப் பக்கம் நான் இனிமே வர்றது தை முடிஞ்சுதான்."

"கடக்கரை லாட்ஜ பாத்தீகளா?"

"அது வேற பைல்."

உள்ளேயிருந்து பாண்டியம்மா. "அண்ணே, நாற்காலிய எடு. முடியல."

தூக்கினோம். மழையில் வேறு வழியில்லை, குழி வழியாகத்தான். ஆர்.ஐ. கூடவே நடந்து, அவள் தலைக்கு மேலே குடையைப் பிடித்தார். அவர் சட்டை முழுக்க நனைந்தது. அவள் வரும்வரை நின்றார். திரும்பவும் குடை பிடித்துக் கொண்டுவந்து விட்டார். பிறகு படியில் உட்கார்ந்து, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, 'தணிக்கையின்போது நீர் இருந்தது' என்று எழுதினார். நல்ல மனுஷன். கையெழுத்து முத்து முத்தாக.

ஐப்பசி 7, வியாழன்

தூறல். போனில் செய்தி: நிராகரிக்கப்பட்டது.

பாண்டியம்மாவிடம் சொன்னேன். காப்பியை வேண்டாம் என்று தள்ளிவைத்தாள். முழு டம்ளர்.

படிப்பவர்கள் இதை மொத்தமாகப் பொய் என்றே வைத்துக்கொள்ளலாம். எனக்கும் அதுதான் வசதி. இந்த நோட்டில் நான் கட்டிய எதற்கும் யாரும் அனுமதி கேட்கப்போவதில்லை.

தண்ணீர் மட்டும் நிஜம். கணுக்கால் அளவு நின்றது.