கென்னா கேட்ட படம்

ஆகஸ்ட் 4, திங்கள்

பள்ளிக் கடைசி வருடப் படம் எடுக்க இன்று இரண்டு பிள்ளைகள். ஒருவன் ஹாக்கி மட்டையோடு வந்தான், ஒருத்தி குதிரையோடு. குதிரை ஒத்துழைத்தது. ஏரிக்கரையில் கொசு பிடுங்கிவிட்டது.

வீடு திரும்பியதும் தொலைபேசியில் ஒரு குரல் பதிவாகியிருந்தது. "பொண்ணுக்கு இது ஸ்கூல்ல கடைசி வருஷம். படம் எடுக்கணும். நான் ட்ரேசி." குடும்பப் பெயரைச் சொல்லவில்லை. என் ஃபோட்டோக் கடைப் பலகையில் இருக்கும் அதே லிண்ட்கிரென்தான். என் கணவனாக இருந்த கர்ட் என்னைப் பிரிந்து கட்டிக்கொண்டது அவளை. பெயரை மாற்றப் பலகைக்காரனைக் கூப்பிட வேண்டும் என்று ஆறு வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 5

ஆகஸ்ட் முழுக்க நாள் காலியில்லை என்று செய்தி அனுப்பினேன். பொய்.

ஆகஸ்ட் 7

அந்தப் பெண்ணே வந்து நின்றாள். கென்னா. பதினேழு வயது. சட்டைக் கையில் தீப்பொறி பட்ட சின்னச் சின்ன ஓட்டைகள்.

"நாள் இல்லன்னு அம்மாகிட்ட சொன்னீங்களாம்."

"ஆமா."

"வாசல்ல 'ஆகஸ்டில் இடம் உண்டு'ன்னு போர்டு தொங்குதே."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை, காத்திருந்தாள். டுலூத் நகரத்தில் நல்ல ஃபோட்டோக்காரர்கள் இருக்கிறார்களே என்றேன். "அவங்க எல்லாரையும் ஒரே மாதிரி எடுக்கறாங்க, ரோன்டா. என் ஃப்ரெண்டு படத்தைப் பாத்தா அவ அக்கா மாதிரி இருக்கா."

சனிக்கிழமை அம்மாவை அழைத்து வரச் சொன்னேன். ஏன் சொன்னேன்? தெரியவில்லை. போர்டை முதலிலேயே கழற்றியிருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 9, சனி

என்ன உடை, எந்த இடம், எந்த நேரம். எல்லோரிடமும் கேட்பதுதான். ட்ரேசி தயாராக வந்திருந்தாள்: வெள்ளைக் கவுன், பிர்ச் மரங்கள், ஏரியில் சூரியன் இறங்கும் நேரம்.

"நீ சொல்லு," என்றேன் கென்னாவிடம்.

"வெல்டிங் பண்ற மாதிரி வேணும். எங்க வீட்டுப் பட்டறைல."

"பாட்டிக்கு அனுப்பற படத்துல முகமூடியா போட்டுக்கப் போற?" என்றாள் ட்ரேசி.

"பாட்டிக்கு மரம். எனக்குப் பட்டறை."

"சாயங்காலம் ஏரில முடிச்சிட்டு அப்படியே பட்டறைக்குப் போயிடலாமே," என்று ட்ரேசி இறங்கி வந்தாள்.

"சாயங்காலம் அங்க ஒண்ணும் தெரியாது. பெரிய கதவு கிழக்கு பாத்தது. காலைலதான் வெளிச்சம் உள்ள வரும்," என்றேன் நான்.

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. பதினாறு வருடம் கர்ட்டோடு இருந்த வீடு, வாய் தானாகப் பேசிவிட்டது. ட்ரேசி காபிக் கோப்பையைப் பார்த்தாள். கென்னா மட்டும், "அப்போ காலைல," என்றாள்.

ஆகஸ்ட் 12

மழை. வேலை இல்லை. லென்ஸ் துடைத்தேன்.

ஆகஸ்ட் 16

ஏரி, கவுன், பிர்ச். கென்னா கடை வாசல் பொம்மை மாதிரி நின்றாள். ட்ரேசி நொடிக்கொரு தரம் ஓடி வந்து அவள் முடியைச் சரிசெய்தாள். காற்று உடனே கலைத்தது.

வண்டியில் சாமான் ஏற்றும்போது ட்ரேசி பக்கத்தில் வந்தாள். "என்னை உங்களுக்குப் பிடிக்காது. சரி. அதை அவ படத்துல காட்டிடாதீங்க."

"நான் யாரையும் அசிங்கமா எடுத்ததில்ல. கர்ட்டைக்கூட."

அவளுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. எனக்கும்தான்.

ஆகஸ்ட் 19

காலையில் பட்டறை. என் தக்காளிப் பாத்தி இருந்த இடத்தில் இப்போது கூடைப்பந்துக் கம்பம். மற்றதெல்லாம் அப்படியே. கர்ட் தீயணைப்பானைக் கையில் பிடித்துக்கொண்டு மூலையில் நின்றான். தலை நரைத்திருக்கிறது.

"வந்துட்டியா," என்றான்.

"வேலைக்கு," என்றேன்.

கென்னா வேறு ஆளாக இருந்தாள். முகமூடியை இறக்கினாள், பொறி பறந்தது, முகமூடியை ஏற்றிப் பற்றவைத்த இடத்தைக் குனிந்து பார்த்தாள். அந்தப் பார்வையை எடுத்தேன். கதவிலிருந்து வந்த வெளிச்சம் கன்னத்தில் சரியாக விழுந்திருந்தது. இவ்வளவுதான் இன்றைய வேலை என்று நினைத்தேன்.

"இன்னும் ஒண்ணு. கர்ட்டோட," என்றாள்.

"அய்யோ, வேணாம். அது உங்கப்பா நிக்க வேண்டிய இடம்," என்றான் கர்ட்.

"அரிஸோனால இருக்கற அப்பா எப்போ வருவாராம்? நீ வா இங்க."

கர்ட் என்னைப் பார்த்தான். ஏன் என்னைப் பார்க்க வேண்டும்?

கல்யாணமான மூன்றாம் வருடம், அந்தப் பட்டறை வாசலில் நின்றுதான் சொன்னான்: "அப்பாவா இருக்கறதுக்கு நான் லாயக்கில்ல, ரோன்டா. அது எனக்கு வராது." நான் நம்பினேன். அவனும் நம்பித்தான் சொன்னான். பிறகு அந்தப் பேச்சை நாங்கள் எடுக்கவில்லை. இவளுக்குப் பற்றவைக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறான். மதிய உணவு கட்டிக் கொடுக்கிறானாம். வந்துதானே இருக்கிறது! என்னோடு இருந்தபோது மட்டும் ஏன் வராமல் போச்சு—

விடு.

"அவ பக்கத்துல நில்லு, கர்ட். தீயணைப்பானைக் கீழ வை. யாரும் எரியல."

நின்றான். கேமராவைக் கண்டால் அவனுக்குக் கண் மூடிக்கொள்ளும், எப்போதும் அப்படித்தான். "என்னைப் பாக்காத. அவ பண்ண வெல்டிங்கைப் பாரு. சரியா இருக்கா?"

குனிந்து பார்த்தான். "இங்க கொஞ்சம் அவசரப்பட்டுட்ட," என்றான். "போ, நீ பண்றதைவிட நல்லாத்தான் இருக்கு," என்று அவன் தோளை இடித்தாள். இருவரும் சிரித்தார்கள். எடுத்துவிட்டேன்.

வண்டியை ஓட்டிக்கொண்டு நெடுஞ்சாலை வரை வந்த பிறகுதான் ஓரம் கட்டினேன்.

ஆகஸ்ட் 24

படங்களைப் பிரித்தேன். கர்ட்டும் அவளும் சிரிக்கும் அந்த ஒன்றைக் காட்டாமல் விட்டால் யாருக்குத் தெரியும்? கண் மூடிட்டான்னு சொன்னா முடிஞ்சது. எல்லோரும் நம்புவார்கள்.

ஆகஸ்ட் 25

மூடவில்லையே.

ஆகஸ்ட் 30

ட்ரேசியும் கென்னாவும் படம் தேர்ந்தெடுக்க வந்தார்கள். பள்ளி மலருக்கு பிர்ச் மரப் படம். பாட்டிக்கும் அதுவே. கர்ட்டோடு எடுத்த பட்டறைப் படம் திரையில் வந்ததும் ட்ரேசி எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டாள். "பெருசா எவ்ளோ பெருசு போடலாம்?" என்று கேட்டாள், திரும்பாமலே.

செப்டம்பர் 18

சட்டமிட்ட படத்தை வாங்கக் கர்ட் தனியாக வந்தான். உறையைப் பிரித்துப் பார்த்தான். வெகு நேரம் பார்த்தான்.

"ரோன்டா, அப்போ நான் உன்கிட்ட சொன்னது..."

"அடில கை குடுத்துத் தூக்கு. கண்ணாடி கனம்."

அடியில் கை கொடுத்துத் தூக்கினான். கதவைத் திறந்து பிடித்தேன். போனான்.

மே 31, ஞாயிறு

கென்னா பள்ளி முடித்ததற்கு விருந்து. அட்டை அனுப்பியிருந்தாள், கீழே பேனாவால் "வரலன்னா வந்து கூட்டிட்டுப் போவேன்" என்று எழுதி. போனேன். பட்டறையையே கழுவி மேசை போட்டிருந்தார்கள். ஹாம் சாண்ட்விச், உருளைக்கிழங்கு சாலட், கேக். ட்ரேசி தட்டைக் கையில் கொடுத்து, "உக்காருங்க," என்றாள். உட்கார்ந்தேன்.

படம் சுவரில் மாட்டியிருந்தது. வெளியூரிலிருந்து வந்த ஓர் அம்மாள் அதன் முன்னால் தட்டும் கையுமாக நின்றிருந்தாள். நான் யாரென்று அவளுக்குத் தெரியாது.

"அப்பாவும் பொண்ணும் அச்சு அசல் ஒரே ஜாடை. அந்த மூக்கைப் பாருங்களேன். இல்ல?" என்றாள் என்னிடம்.

"ஆமா," என்றேன்.

கேக் நன்றாக இருந்தது. இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டேன்.