காலில் கவிழ்த்த குடம்

ஆலப்புழை, மார்ச் 1932

அன்புள்ள கேத்தரினுக்கு,

மாதா தயவால் சுகமாக இருக்கிறேன். நீயும் பிள்ளைகளும் சுகந்தானே? இங்கிருந்து அல்சூருக்குத் தபால் படகேறி ரயிலேறி வரவேண்டும். தாமதமானால் பயப்படாதே.

கயிறு வாங்கக் காயலில் ஊர் ஊராக அலைகிறேன். படகில் உட்கார்ந்தே கால் மரத்துவிட்டது. எழுந்து நடக்கத் துடிக்கிறேன். இங்கே மளிகைக் கடையும் படகில்தான், கல்யாணப் பெண்ணும் படகில்தான்.

நேற்று கயிறு வியாபாரி ஈப்பன் வீட்டில் இறங்கினேன். காலெல்லாம் சேறு. வாசலில் ஒரு குடம் இருந்தது. நம் வீட்டு வழக்கம்போல் கால் கழுவத்தான் என்று நினைத்து முழுவதையும் காலில் கவிழ்த்துவிட்டேன். அவர் மனைவி ஓடிவந்தாள்.

"ஐயோ, அது குடிக்கான் உள்ள வெள்ளமாணு!"

அது குடிக்க வைத்திருந்த தண்ணீராம். கோடையில் காயலில் கடல் உப்பு ஏறிவிடுமாம். குடிதண்ணீர்ப் படகு மறுநாள்தான் வருமாம். வீட்டில் கைக்குழந்தை வேறு. யாரும் என்னைத் திட்டவில்லை, அதுதான் தாங்கவில்லை. விலை பேச வாய் வராமல், படகைத் திருப்பி, காயலில் கலக்கும் ஆற்றில் உப்பேறாத இடம்வரை மேலே போய், பொழுது சாய்வதற்குள் நல்ல தண்ணீர் கொண்டுவந்து இறக்கினேன்.

ஈப்பன் சிரித்துவிட்டார். "முதலாளீ, இனி கால் கழுகான் காயல் மதி கேட்டோ!" கால் கழுவ இனிக் காயலே போதுமாம்.

ஆலப்புழை தபாலாபீசுக்கு இரண்டு வரியாவது எழுது. குழாயடியில் நீ சண்டை போட்டுத் தண்ணீர் பிடிப்பதை இனிக் கேலி செய்யமாட்டேன். நான் வரும் அன்று செம்புத் தண்ணீரோடு வாசலில் நில். காலில் ஊற்றாதே, கையில் கொடு.

படகுக்காரன் கூப்பிடுகிறான்.

ரெமிஜியஸ்