தங்கையின் வீட்டை ஈடு வைத்தவனுக்கு

சிவமயம்

களுதாவளை,
ஆனி மாதம், வெள்ளிக்கிழமை.

மகன் திவாகரனுக்கு,

பிள்ளையாரின் திருவருளை முன்னிட்டுத் தொடங்குகிறேன். நீயும் மருமகள் அஜந்தாவும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டுமென்று நாள்தோறும் வேண்டுகிறேன். அதை நிறுத்த என் வாய்க்குத் தெரியவில்லை. இங்கு யாவரும் நலம் என்று எழுதுவது முறை. முறைக்காகப் பொய் எழுத இந்த வயதில் பழக விரும்பவில்லை. தொலைபேசியில் என் குரல் கேட்டதும் "அப்பா, வேலைல நிக்கன், மறுகா எடுக்கன்" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை இடையில் வெட்ட உன்னால் ஆகாது, ஆகையால் எழுதுகிறேன். முழுவதையும் வாசி.

சென்ற மாதம் உன் தங்கை சுலோஜனாவை நிதுர்ஷனுக்குப் பேசி, மாப்பிள்ளை வீட்டார் வீடு பார்க்க வந்தார்கள். பெண்ணோடு வீடும் போவது நம் பக்கத்து வழக்கம் என்பதை நீ மறந்திருப்பாய் என்று நான் நம்பவில்லை. உன் தாய் பலகாரத் தட்டோடு வெளியே வருகிற நேரம், வங்கிக்காரர் இருவர் படலையைத் திறந்து உள்ளே வந்து, கிணற்றடியிலிருந்து ஒரு படம், குசினிப் பக்கத்திலிருந்து ஒரு படம் என்று எடுக்கத் தொடங்கினார்கள். தவணை தவறிய வீட்டை ஏலத்துக்கு விடுமுன் அப்படிப் படமெடுப்பார்களாம். நிதுர்ஷனின் தாய் தேநீரைக் கீழே வைத்துவிட்டு, "வீடு பாக்க எங்களுக்கு முன்னுக்கே ஆக்கள் வந்திட்டாங்க போல, மச்சாள்" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். கோயிலில் புராணம் படித்துப் பயன் சொல்லும் நான், உன் தாயின் கையிலிருந்த தட்டை வாங்கி அவர்கள் முன் வைத்தேன். படலையைக் கடக்கும்போது, "வீட்டு உறுதிய மீட்டுப்போட்டுச் சொல்லுங்க, மறுகா கலியாண எழுத்து வைப்பம்" என்று மட்டும் சொல்லிப் போனார்கள். அன்றைக்குத்தான் உன் தாய் நடந்ததை எனக்குச் சொன்னாள். இரண்டு ஆண்டுக்கு முன், நான் அறுவடைக்குக் கிரான் வயலில் நின்ற வாரம் பார்த்து அவளை வங்கிக்கு அனுப்பி, அவள் பெயரிலிருந்த வீட்டை ஈடு வைக்கச் செய்து, அந்தக் காசைக் கனடாவில் நீ வாங்கும் வீட்டுக்கு முற்பணமாக்கியிருக்கிறாய். மாதத் தவணையை நீயே அனுப்புவதாக வாக்குக் கொடுத்திருக்கிறாய். "அப்பாட்டச் சொல்லாதீங்கம்மா, அவர் பாட்டுப் படிச்சுக் காட்டுவார்" என்றும் சொன்னாயாம். அவள் அழுதுகொண்டே உன் குரலில் சொன்னாள். ஒரு சொல் மாறாமல் என் நெஞ்சில் கிடக்கிறது.

நான் இந்த வீட்டுக்கு மருமகனாக வந்தவன். உன் அம்மம்மாவிடமிருந்து உன் தாய்க்கு வந்தது. உன் தாயிடமிருந்து சுலோஜனாவுக்குப் போக வேண்டியது. ஓட்டை மாற்றியதும் மதிலைக் கட்டியதும் என் உழைப்பென்றாலும், இதில் ஓர் ஆணியையும் என்னுடையதென்று நான் எண்ணியதில்லை. நீ எண்ணினாய். வந்தாறுமூலையில் அஜந்தாவின் சீதன வீடு பூட்டிக் கிடக்கிறதே, அதை ஏன் ஈடு வைக்கவில்லை? மாமனாரிடம் கேட்க வெட்கம். மனைவியின் வீடு மனைவிக்கே உரியது என்பது அங்கு உனக்கு நன்றாக நினைவிருந்தது. தங்கையின் வீடு என்றபோது மட்டும் அந்த அறிவு எங்கே போயிற்று? முதலாண்டு ஒழுங்காக அனுப்பியிருக்கிறாய். பிறகு அங்கே வட்டி ஏறியது, உன் வீட்டுத் தவணை பெருத்தது, இங்குள்ளதை நிறுத்திவிட்டாய். இரண்டு கடனையும் எதிரெதிரே வைத்து நிறுத்துப் பார்த்திருக்கிறாய். அங்குள்ள வங்கி உன்னை வெளியேற்றும், இங்குள்ள வங்கி உன் தங்கையைத்தானே வெளியேற்றும். புது வீட்டுக் குடிபூரல் படங்களை முதலாண்டிலேயே அனுப்பியிருந்தாய்: நாலு அறை, இரண்டு கார் நிற்க இடம், சாமியறையில் என் அளவுக்கு ஒரு பிள்ளையார். அவர் முன்னால் நீ எதைச் சொல்லிக் கும்பிடுகிறாய் என்று அறிய விரும்புகிறேன்.

அஜந்தா எனக்கு அழைத்தாள். உனக்குத் தெரியாது; தெரிந்தாலும் அவளைக் கடியாதே. "மாமா, வந்தாறுமூலை வீட்ட வித்து இத அடையுங்க, நான் கையெழுத்து அனுப்புறன்" என்றாள். ஒரு பெண்ணின் வீட்டை மீட்க இன்னொரு பெண்ணின் வீட்டை அழிக்க மாட்டேன் என்று மறுத்துவிட்டேன். கடன் அட்டை ஒன்றில் எடுத்து மற்றதைக் கட்டுகிறாய், ஆகக் குறைந்த தொகையை மட்டும் கட்டி மீதியை வட்டியோடு வளர விடுகிறாய் என்பதும் அவள் வாயால்தான் தெரிய வந்தது. முகத்துவாரம் அடைபட்டால் வாவி நீர் எப்படி வயலுக்குள் ஏறும் என்று வாவிக்கரையில் பிறந்த உனக்குத் தெரியும். முழங்காலளவு நிற்கும்போது வரம்பை உயர்த்தாதவனுக்குக் கதிர் மூழ்கிய பின் யாரும் படகு கொண்டு வருவதில்லை. அட்டைகளை வெட்டி எறி. பெரிய வீட்டை வங்கி பறிக்குமுன் நீயே விற்றுச் சிறியதில் இரு. ஊரார் என்ன நினைப்பார்கள் என்று பார்க்காதே. ஊரார் இங்கே நினைத்து முடித்துவிட்டார்கள்.

இனி நடந்ததைக் கேள். கிரான் வட்டையில் என் உழைப்பில் வாங்கிய வயலை ஓட்டமாவடி நெல் வியாபாரி றம்ஸீனுக்கு விற்றுவிட்டேன். அவர் நியாயமான விலை தந்தார். "மாஸ்டர், ஒருக்கா மகனோட பேசிப் பாக்கலாமே" என்று இரண்டு முறை கேட்டார். பேசிவிட்டேன் என்றேன். அந்த வயல் உனக்கென்று வைத்திருந்தது. ஈடு மீண்டது, மறுநாளே உறுதி எழுதும் நொத்தாரிசு முன் உன் தாய் வீட்டைச் சுலோஜனா பெயருக்கு எழுதிக் கொடுத்தாள். நான் பாட்டு எதுவும் படித்துக் காட்டவில்லை. வயலின் விலையை எனக்கு அனுப்ப முயலாதே, வாங்க மாட்டேன். இந்த மண்ணில் உனக்கென்று இனி ஒரு வரம்பும் இல்லை என்பதை மட்டும் அறிந்துகொள்.

ஆவணியில் கலியாணம். மாப்பிள்ளை படலையில் வந்து நிற்கும்போது பெண்ணின் உடன்பிறந்தவன் செம்பு நீரால் அவர் காலைக் கழுவி உள்ளே அழைத்து வர வேண்டும். உன் பெரியம்மாவின் மகன் பிரதீஸை அதற்கு நிற்கச் சொன்னேன். உன் தாயோ அந்தச் செம்பைப் புளியிட்டு விளக்கி, "என்ட புள்ள வருவான், பிரதீஸிட்டக் குடுக்காதீங்க" என்று தன் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறாள். அவளோடு நான் வாதிடவில்லை. இது இப்போது சுலோஜனாவின் வீடு. அவள் படலையில் யார் நிற்பதென்று அவள்தான் சொல்ல வேண்டும். என்னையும் தாயையும் கேளாதே. அவளை அழைத்து, அவள் வாயால் கேள். முதலிலேயே நீ கேட்டிருக்க வேண்டியவள் அவள்தான்.

பேரப்பிள்ளைகளுக்குத் திருநீறு மடித்து வைத்திருக்கிறேன், பூசி விடு. அங்குள்ள வீட்டின் அடுத்த தவணைக்குரியதைச் சம்பளம் வந்த அன்றே ஒதுக்கு. எம்பெருமான் உனக்கு நல்ல புத்தியைத் தருவாராக.

இங்ஙனம்,
உன் தந்தை,
யோகராசா.