கார் வரட்டும்

அதியமான்கோட்டை
18-6-1972

அன்பு மகள் மாதம்மாளுக்கு அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை சின்னபொண்ணு எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம். உன்னையும் மாப்பிள்ளையையும் பேரனையும் அந்த பிலாய் வெயில் வாட்டாமல் இருக்க வேண்டும் என்று விளக்கு வைக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன். வயிற்றுப் பிள்ளை புரள ஆரம்பித்துவிட்டது என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். இனிமேல் குடம் தூக்காதே. பப்பாளி அங்கே மலிவு என்று எழுதியிருக்கிறாய், மலிவாகவே இருக்கட்டும், நீ தொடாதே. கடல் எப்படி இருந்தது, அலை எவ்வளவு உயரம் வந்தது என்று கேட்டிருந்தாய். கடலூரில் சுகமாக இருந்தோம், மொதலாளி வீட்டில் நன்றாகக் கவனித்துக்கொண்டார்கள் என்று அப்பா கார்டு போட்டிருப்பார். அவர் அப்படித்தான் எழுதுவார். நடந்ததை நான் சொல்கிறேன், நிதானமாகப் படி.

புளி சீசன் முடிந்து மண்டியில் வேலை குறைந்ததும் மொதலாளி அப்பாவைக் கூப்பிட்டு, குடும்பத்தோடு கடலூருக்குப் போகிறோம், உன் பெண்சாதியையும் பெண்ணையும் கூட்டிக்கொண்டு வா, அவர்களும் கடலைப் பார்க்கட்டும் என்று சொல்லியிருக்கிறார். பன்னிரண்டு வருஷமாக அப்பா மொதலாளி காரை ஓட்டுகிறார், நாங்கள் அதில் ஏறியது அதுதான் முதல் தடவை. உனக்கே தெரியும், எட்டாவது முடித்து சின்னபொண்ணு நின்றது படிப்பு வராமல் இல்லை. தருமபுரிக்கு நடந்து போய் வர வயசுப் பெண்ணால் முடியாது என்று நிறுத்தினோம். மொதலாளி பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இதே ரோட்டில்தான் அப்பா தினமும் பள்ளிக்கூடம் போனார். இதை எழுதச் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். எழுது என்று அதட்டினேன், எழுதுகிறாள்.

மொதலாளியின் தங்கை, நாங்கள் சின்னம்மா என்று கூப்பிடுகிறவர், தேவனாம்பட்டினத்துக்கு வடக்கே கடலோரத்தில் ஒரு பங்களாவில் தனியாக இருக்கிறார். பின்னால் சுற்றுச்சுவருக்கு வெளியே சவுக்குத் தோப்பு, தோப்பைத் தாண்டினால் கடல். போன மறுநாளே மொதலாளி வீட்டார் கல்யாணம் என்று மெட்ராசுக்குக் கிளம்பிவிட்டார்கள். மருமகனுக்குக் கார் ஓட்ட ஆசை, அதனால் அப்பா வேண்டாம் என்று எங்களை அங்கேயே விட்டுப் போனார்கள். நாலு நாளில் வருவோம், அதுவரை கடல் காற்று வாங்குங்கள் என்றார்கள். கார் தெருமுனை திரும்பும் வரைக்கும் அப்பா பார்த்துக்கொண்டே நின்றார். அன்றைக்கே அந்த வீட்டுச் சமையல்காரியும் லீவில் ஊருக்குப் போனாள். அப்போது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

கடல் சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்கும். காலையில் தட்டைத் தொட்டால் உப்புப் பிசுபிசுக்கும். பார்க்கத்தான் முடியவில்லை. நடந்து போய்ப் பார்த்துவிட்டு வரட்டுமா என்று கேட்டேன். அந்தப் பக்கம் கருவாடு காயப்போடுகிற இடம், இந்த வீட்டுப் பொம்பளைகள் நடந்து போகிற வழக்கம் கிடையாது, கார் வரட்டும், எல்லாரும் சேர்ந்து பீச்சுக்குப் போகலாம் என்றார் சின்னம்மா. இட்லிக்கு ஆட்டச் சொல்லும்போது மட்டும் நாங்கள் எந்த வீட்டுப் பொம்பளைகள் என்று தெரியவில்லை. முதல் நாள் ஒரு காப்பி போட்டுக் கொடு என்றார், அப்புறம் சமையல், அப்புறம் துணி, அப்புறம் சின்னபொண்ணு மட்டும் வந்து கால் பிடித்துவிட வேண்டும். கடைக்குப் போக வேண்டுமா, கார் வரட்டும். கோயிலுக்கா, கார் வரட்டும். வாசல் கேட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார். அப்பா காலியான கார் ஷெட்டைப் பெருக்கிவிட்டு அதற்குள்ளேயே முக்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். ஸ்டியரிங் கையில் இல்லாவிட்டால் அவருக்குக் கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை.

ஆறாம் நாள் சின்னபொண்ணு கால் பிடித்துக்கொண்டிருக்கும்போது சின்னம்மா இவளிடம், இங்கேயே என்னோடு இருந்துகொள்கிறாயா, நாளைக்குக் கல்யாணம் காட்சி என்றாலும் நானே பார்த்துச் செய்கிறேன் என்று கேட்டிருக்கிறார். இவளுக்குத்தான் வெளி ஆளைக் கண்டால் வாய் திறக்காதே, கூச்சத்தில் தலை குனிந்திருக்கிறாள். குனிந்தது போதும் என்று அவர் அப்பாவைக் கூப்பிட்டு, உன் பெண் சம்மதித்துவிட்டாள் என்றார். அப்பா வழக்கம்போல, "சரிங்க" என்றார். கிணற்றடியில் வைத்து அப்பாவோடு சண்டை போட்டேன். அவங்க சோத்தத் தின்னுட்டு வாயில எப்பிடி இல்லைனு வரும் என்று அவர் என்னையே கேட்டார். இவள் ராத்திரியெல்லாம் அழுதாள், ஏன்டி தலையை ஆட்டினாய் என்றால், நான் ஆட்டலம்மா, குனிஞ்சேன் என்கிறாள்.

நாலு நாள் ஒன்பது நாளாயிற்று. ஒன்பதாம் நாள் மெட்ராசிலிருந்து கடிதம் வந்தது, கார் வர இன்னும் பத்து நாள் ஆகுமாம். மறுநாள் விடியற்காலையில் பால்காரனுக்குக் கேட் திறந்ததும் நான் பையைத் தூக்கிக்கொண்டு போய், ஊருக்குப் போகிறோம் என்று சின்னம்மாவிடம் சொன்னேன். அவர் பதறவே இல்லை. பெண் இருக்கட்டும், நீங்கள் இரண்டு பேரும் இத்தனை தூரம் எப்படிப் போவீர்கள், கார் வரட்டும் என்றார். என் முதுகுக்குப் பின்னால் நின்றவள் முன்னால் வந்தாள். மாதம்மா, உன் தங்கை வேற்று ஆளிடம் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "கால் இருக்குதுங்க. நடந்து போய்க்கிறோம். நான் இருக்க மாட்டேனுங்க" என்றாள். சின்னம்மா அப்பாவைப் பார்த்து, என்னப்பா இது என்றார். அப்பா அவரையும் பார்த்தார், இவளையும் பார்த்தார். "சரிங்க" என்றார். யாருக்குச் சொன்னார் என்று இன்றுவரை தெரியவில்லை. எங்களுக்குத்தான் என்று எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டோம்.

ரோட்டு வழியாகப் போக வேண்டாம் என்று சின்னபொண்ணு தோப்பு வழியாக இறங்கினாள். தோப்பு முடிந்ததும் கடல். பத்து நாளும் அவ்வளவு பக்கத்தில்தான் இருந்திருக்கிறது. அலை தூரத்தில் ஆள் உயரம் வருகிறது மாதம்மா, காலடிக்கு வரும்போது வடித்த கஞ்சி மாதிரி ஆகிவிடுகிறது. இவள் பாவாடையைச் சுருட்டிக்கொண்டு தண்ணீரிலேயே நடந்தாள். அப்பா முதலில் வரவே மாட்டேன் என்றார், அப்புறம் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து நின்றார். அலை கால்விரல் வரைக்கும் வந்து நின்று திரும்பியதைப் பார்த்து, "நல்லா பிரேக் புடிக்குது" என்றார். பத்து நாளில் அன்றுதான் சிரித்தார். கருவாடு காயப்போடும் ஒருத்தி எங்களைக் கூப்பிட்டு, எந்த ஊரம்மா என்று கேட்டுத் தண்ணீர் கொடுத்தாள், தருமபுரிப் பக்கம் என்றதும் அங்கே கடலே இல்லையா, பாவம் என்றாள். வேர்க்கடலை வாங்கித் தின்றுகொண்டே பஸ் ஸ்டாண்டு போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. சேலம் பஸ்ஸில் அப்பா ஒவ்வொரு திருப்பத்திலும் வலது காலை அழுத்திக்கொண்டே வந்தார். பக்கத்தில் இருந்த பெரியவர் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஏங்க, டிரைவர் ஒருத்தர் இருக்கறாருங்க, நீங்க கால நீட்டி ஒக்காருங்க" என்றார். பஸ்ஸே சிரித்தது. நீ கேட்ட கடலூர் சுகம் அந்த ஒரு நாள்தான்.

மொதலாளி திரும்பி வந்து அப்பாவிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சாவியைக் கையில் கொடுத்து, ஆடி பதினெட்டு கழிந்ததும் கடலூருக்குக் கார் போகும், பெண்ணைக் கொண்டுபோய் விட்டுவிடு, தங்கச்சி ஆசைப்படுகிறாள் என்றாராம். அப்பா என்ன சொல்லியிருப்பார் என்று நீயே தெரிந்துகொள். வேலையை விட்டால் நாளைக்கு யார் கார் கொடுப்பார்கள், அவருக்கு வேறு தொழிலும் தெரியாது. பெற்ற பெண்ணை அவரே ஓட்டிக்கொண்டு போய் இறக்கிவிட்டு வர வேண்டும். இப்போதெல்லாம் சாப்பிட உட்கார்ந்தால் இவள் முகத்தைப் பார்ப்பதில்லை. தெருவில் ஹாரன் கேட்டால் இவள் உள்ளே போய்விடுகிறாள்.

அதனால் நீ ஒரு காரியம் செய்ய வேண்டும். இரண்டாவது பிரசவம், ஒத்தாசைக்கு ஆள் இல்லை, கொழுந்தியாளை உடனே அனுப்புங்கள் என்று மாப்பிள்ளை கையால் ஒரு கடிதம் எழுதச் சொல். வீட்டு விலாசம் போடாதே, மண்டி விலாசம் போடு. மொதலாளி பிரித்துப் படித்துவிட்டுத்தான் அப்பாவிடம் கொடுப்பார். மாப்பிள்ளை கேட்டதை அவர் தடுக்க மாட்டார், அப்பாவும் வாயைத் திறக்க வேண்டியதில்லை. ஆனால் ஒன்று, அங்கே வந்தபிறகு நீயும் இவளை அடுப்படியிலேயே வைத்துவிடாதே. பிள்ளை பிறந்து மூன்று மாதம் போனதும் தையலுக்கோ படிப்புக்கோ எதற்காவது அனுப்பு. நான் கேட்பது அவ்வளவுதான்.

பேரனுக்கு முத்தம். தீர்த்தமலையான் உனக்குச் சுகப்பிரசவம் கொடுப்பான். கீரை சாப்பிடு, ராத்திரி தலைக்குக் குளிக்காதே. ஆடி பிறப்பதற்குள் கடிதம் மண்டிக்கு வந்துசேர வேண்டும், மறந்துவிடாதே.

நல்லா இரு மகளே,
உன் அம்மா
ராமக்கா

அக்கா, அம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருக்கிறாள். இந்த நாலு வரி நானாக எழுதுகிறேன். பிலாய்க்கு என்னை யார் கூட்டிக்கொண்டு வருவது என்று நீயும் மாமாவும் யோசித்து நாளைக் கடத்த வேண்டாம். எந்த ஸ்டேஷனில் ரயில் மாற வேண்டும், எங்கே இறங்க வேண்டும் என்று மட்டும் எழுது.

சின்னபொண்ணு