நீ பேசி முடிக்காத ஐந்து நிமிடம்

இன்று காலை பாலக்கோட்டில் எங்களைப் போன்ற இங்கிலீஷ் ஆசிரியர்களுக்குப் பயிற்சி. ஜெராக்ஸ் சூடு ஆறாத தாளை ஆளுக்கொன்றாகக் கொடுத்தார்கள். இரண்டாம் மொழி கற்பதைத் தீர்மானிக்கும் காரணங்கள் என்று தலைப்பு. வயது, ஆர்வம், திறன், வீட்டுச் சூழல் என்று கீழே வரிசையாக அச்சிட்டிருந்தார்கள். அதை வாசித்து முடித்த பயிற்றுநர், "என்னதான் சொல்லுங்க, மலைப் பிள்ளைங்களுக்கு இங்கிலீஷ் ஏறாதுங்க. நம்ம தலையில அடிச்சிக்கிட்டுப் பிரயோஜனம் இல்ல" என்றார். பாதிப் பேர் தலையாட்டினார்கள்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து நின்றேன். "இந்தத் தாள்ல ஒண்ணு விட்டுப்போச்சுங்க சார். பேசும்போது எதிர்ல உக்காந்து யாரு சிரிச்சாங்கங்கறது." அதற்கும் ஓரிருவர் சிரித்தார்கள். அவர், "உணர்ச்சிவசப்படாதீங்க மேடம்" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து முகம் கழுவியும் ஆத்திரம் அடங்கவில்லை. நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. இருந்திருந்தால் ஃபோன் போட்டு அந்த ஆளைத் திட்டித் தீர்த்திருப்பேன். இப்போது எழுதத்தான் முடிகிறது.

கல்லூரியில் சேர்ந்தபோது சித்தேரி மலையிலிருந்து இறங்கி வந்து மொரப்பூரில் உன் அத்தை வீட்டில் தங்கினாய். அடுத்த தெரு எனக்கு. தினமும் சேலத்துக்கு ஒரே ரயிலில் போனோம். இருவரும் தமிழ்வழியில் படித்தவர்கள்தான், ஆனால் நீ துணிச்சல்காரி. எதிர் சீட்டில் யார் உட்கார்ந்திருந்தாலும் கவலைப்படாமல், "எஸ்டர்டே ஐ கோ மை வில்லேஜ், பஸ் நோ கம், ஃபுல் மழை" என்று கதை சொல்வாய். ஒருநாள் டிக்கெட் பரிசோதகரிடமே இங்கிலீஷில் பேசி அவரை முழிக்க வைத்தாய். "தப்பா இருந்தா என்ன புள்ள, அவருக்குப் புரிஞ்சுதுல்ல" என்றாய். நான் நோட்டில் இலக்கணம் எழுதுவேன். வாய் மட்டும் திறக்க மாட்டேன்.

இரண்டாம் ஆண்டில் செமினார் வைத்தார்கள். ஆளுக்கு ஐந்து நிமிடம் இங்கிலீஷில் பேச வேண்டும். நீ உங்கள் ஊரில் சாமை விளைவிப்பதைப் பற்றி எழுதிக்கொண்டாய். ஒரு வாரம் ரயிலில் எனக்குப் பேசிக் காட்டினாய். அன்று முன்னால் போய் நின்று, "இன் மை வில்லேஜ் இஸ்கூல்" என்று ஆரம்பித்தாய். பின்பெஞ்சிலிருந்து யாரோ "இஸ்கூல்" என்று திருப்பிச் சொல்ல, வகுப்பு சிரித்தது. நீயும் சிரித்துக்கொண்டே தொடர்ந்தாய். இரண்டாவது முறை அந்தச் சொல் வந்தபோது சிரிப்பு இன்னும் பெரிதானது. பேராசிரியை அதட்டியிருக்க வேண்டும். அவரும் சேர்ந்து சிரித்துவிட்டு, "மலையில தேன் எடுக்கறத விட்டுட்டு உனக்கு எதுக்கும்மா இந்தப் படிப்பு?" என்றார்.

நீ தாளை நான்காக மடித்தாய். வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாய். நான் உன் முகத்தைப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு அந்த வகுப்பில் உன் குரலை யாரும் கேட்கவில்லை. வருகைப் பதிவுக்குக்கூடக் கையை மட்டும் தூக்கினாய். வாய்மொழித் தேர்வில் எதிரே இருந்த மேஜையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டு வந்தாய். "நான்தான் அப்பவே சொன்னேனே" என்றார் அந்த அம்மா. மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றிருப்பார். தான் சொன்ன ஒரு வாக்கியம் அவருக்கு ஞாபகம்கூட இருக்காது. அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் கொதிக்கிறது.

நான் பி.எட். படிக்கப் போனேன். நீ பெங்களூரில் ஒரு தையல் கம்பெனிக்குப் போனாய். ஆறு மாதம் கழித்து ஃபோனில் பேசிக்கொண்டிருக்கும்போதே பக்கத்திலிருந்த யாரையோ கன்னடத்தில் மடமடவென்று திட்டினாய். நான் அசந்துபோய், "எப்படி புள்ள கத்துக்கிட்ட?" என்று கேட்டேன்.

"இங்கயும் சிரிப்பாளுங்க. மொத நாளு நான் ஏதோ கேக்கப்போயி, மெஷின நிறுத்திட்டுச் சிரிச்சாளுங்க. ஆனா சிரிச்சு முடிச்சிட்டு, இப்படிச் சொல்லணும்னு சொல்லிக் குடுத்து, என் டப்பாவுல அவங்க கொழம்பையும் ஊத்துனாளுங்க. அந்தச் சிரிப்பு வேற."

ஒடிசாப் பெண்கள் வந்த பிறகு இந்தியும் பேசினாய். நாற்பது பேருக்குச் சூப்பர்வைசர் ஆனாய். மூன்று மொழியில் வேலை வாங்கியவளுக்கா மொழி ஏறாது?

பிறகு கம்பெனியில் உன்னை அதைவிடப் பெரிய வேலைக்குக் கூப்பிட்டார்கள். பத்து நிமிடம் இங்கிலீஷில் பேசினால் போதும். நீ வேண்டாம் என்று சொல்லிவிட்டாய். எனக்கு வந்த கோபத்தில் ஃபோனிலேயே கத்தினேன். "அவங்க பேசறது உனக்குப் புரியுதுல்ல? அப்புறம் என்னடி?"

"எல்லாம் புரியுது. வாயத் தொறந்தா அந்த கிளாஸ்ரூம்தான் முன்னால நிக்குது. என்னால முடியல புள்ள."

அப்போதுதான் எத்தனையோ வருடமாகச் சொல்லாததைச் சொன்னேன். "அன்னைக்கு நானும் சிரிச்சேன்."

நீ யோசிக்கவே இல்லை. "தெரியும். அத்தன பேரு சிரிச்சாங்க, உன் சிரிப்பு எனக்குத் தெரியாதா?" என்றாய். அப்புறம் நீயாகவே, "உன் பொண்ணுக்குச் சளி விட்டுச்சா?" என்று கேட்டாய். நீ என்னைத் திட்டியிருக்கலாம். ஏன் திட்டாமல் போனாய் என்று உன்மீதும் எனக்குக் கோபம்தான்.

இரண்டு மாதத்தில் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான்காம் நாள் உன்னைச் சித்தேரிக்குக் கொண்டுவந்தார்கள். நான் மலையேறி வந்து உன்னைப் பார்த்துவிட்டுத் திரும்பும் பஸ்ஸில் ஃபோனைத் திறந்தேன். நம் வகுப்பு வாட்ஸப் குழுவில் ஒருத்தி எழுதியிருந்தாள்: "பாவம், நல்ல பொண்ணு. இங்கிலீஷ்தான் கடைசி வரைக்கும் வரல." கீழே கும்பிடும் கைகளாகப் போட்டு நிரப்பியிருந்தார்கள். "நாமதான் வர விடல" என்று எழுதிவிட்டு அந்தக் குழுவிலிருந்து வெளியேறினேன்.

இப்போது என் வகுப்பில் வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகள் இருக்கிறார்கள், கன்னடம் பேசும் பிள்ளைகள் இருக்கிறார்கள், உன் மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் பெண்களும் இருக்கிறார்கள். யாராவது எழுந்து தப்பும் தவறுமாக ஒரு வாக்கியத்தைச் சொல்ல ஆரம்பித்தால், மற்றவர்கள் சிரிக்கிறார்களா என்று நான் பார்ப்பதற்கு முன்னால் என் உதட்டைக் கடித்துக்கொள்கிறேன். அந்தப் பிள்ளை பேசி முடிக்கும்வரை கடித்த உதட்டை விடுவதில்லை.