எலுமிச்சைத் தொட்டியில் சாம்பல்

சின்னுவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. நீயும் அங்கே சுகமாக இருக்க வேண்டும். என் தையல் கடையில் பள்ளிச் சீருடை மலையாகக் குவிந்து கிடக்கிறது, ஆனாலும் இதைச் சொல்லாவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும். போன மாதம் வீடியோவில் அப்பா பெருமையாகக் காட்டினாரே ஒரு எலுமிச்சைச் செடி, அது பக்கத்து வீட்டுக்காரருடையது. நீ எங்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போன செடி அப்போது சாகக் கிடந்தது. இலையில் நரம்பு மட்டும் பச்சை, இடையெல்லாம் மஞ்சள், ஓரம் கருகி உதிர்ந்துகொண்டே இருந்தது. வந்து முதல் காயை நான்தான் பறிப்பேன் என்று நீ வேறு சொல்லிவிட்டுப் போயிருந்தாய்.

கடைசியில் தொட்டி மண்ணை டப்பாவில் அள்ளிக்கொண்டு இருவரும் மண் பரிசோதனை நிலையத்துக்குப் போனோம். அங்கிருந்த பெண், மண்ணில் பொட்டாசியம் எக்கச்சக்கம், அது கூடிப்போனால் மக்னீசியம், கால்சியம் எதையும் வேர் எடுக்கவிடாது, இத்தனை போட்டும் செடி பட்டினிதான் என்றாள். என்ன போட்டீர்கள் என்று கேட்டதற்கு அப்பா தலையைச் சொறிந்துகொண்டு, தினமும் காலையில் வாழைப்பழத்தோல் ஊறிய தண்ணீர் என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் தினமும் சாயங்காலம் ரொட்டிக்கடை விறகடுப்புச் சாம்பலை ஒரு கரண்டி போட்டுக்கொண்டிருந்தேன். இரண்டிலும் இருப்பது அதே பொட்டாசியம்தானாம். இந்த மனுஷன் எங்கே கவனிக்கப்போகிறார் என்று நான், இவளுக்கு ஏது நேரம் என்று அவர். அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "நீங்க ரெண்டு பேரும் கவனிச்சுக்க வீட்டுல வேற யாருமே இல்லையாம்மா?" என்று கேட்டாள். மகள் தூரத்தில் இருக்கிறாள் என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம். அப்புறம் மூன்று பேரும் சிரித்துவிட்டோம், எனக்குக் கண்ணும் கலங்கிவிட்டது.

இப்போது உரம் என்ற பேச்சே கிடையாது. பாதி மண்ணை மாற்றி, நிறையத் தண்ணீர் விட்டு வடியவிட்டோம். நேற்று நான்கு துளிர் வந்திருக்கிறது, அப்பா எண்ணிச் சொன்னார், நான் நம்பாமல் போய் மறுபடி எண்ணினேன். நீ வருவதற்குள் காய்க்குமா தெரியாது, பிழைத்துவிடும். பக்கத்து வீட்டுச் செடி சங்கதியை நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே. இன்னொன்று, சாப்பிட்டாயா என்று மூன்று வேளையும் நானும் அப்பாவும் தனித்தனியாகக் கேட்டு உன்னை இனி அரிக்கப்போவதில்லை. ஒரு நாளைக்கு ஒரே தடவை, ஒருவர் மட்டும் கேட்பதாக முடிவு. இன்றைக்கு அவர் முறை. ஒரு வரியாவது பதில் போட்டுவிடு, இல்லாவிட்டால் பழையபடி இருவரும் ஆரம்பித்துவிடுவோம். நோய்நொடி அண்டாமல் நன்றாக இரு, கண்ணு.

உன் அம்மா